வீட்டுக்குள் பெரட்டு

அட்டன், வட்டகொடை, பூண்டுலோயா என்று நம் இலங்கை மலையகமெங்கும் தேயிலைக்குப் போட்டியாகச் செழித்து வளரும் ஓர் இனம் உண்டு: பெரட்டுத் தகப்பன். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் தொழிலாளரை வரிசையாக நிறுத்தி வேலை பிரிப்பார்களே, அதை இவர் வீட்டுக்குள்ளும் நடத்துவார்.

எங்கள் தோட்டத்துக் கங்காணி சிவசாமியைப் பாருங்கள். துரையின் மோட்டார் சைக்கிள் வளைவில் உறுமியதுமே குடையை மடக்கி, தலைப்பாகையைக் கழற்றி, கொட்டும் மழையில் நனைந்தபடி "சரிங்க தொரை" என்பார். துரை இன்னும் வாயே திறந்திருக்க மாட்டார்!

பகலெல்லாம் வளைந்த அந்த முதுகு வீட்டு வாசலில்தான் நிமிரும். ஓர் இருமல். உடனே பிள்ளைகள் சுவரோரம் கைகட்டித் தலைகுனிந்து நிற்க வேண்டும். எதற்கும் ஒரே பதில்: "சரிங்கப்பா." இந்திய வம்சாவளி என்று சொல்லி நாடு இவருடைய வாக்குரிமையைப் பறித்தது, இவர் வீட்டில் மற்றவர்களுடையதைப் பறித்துக்கொண்டார்.

"புள்ளைங்களக் கொஞ்சம் வாயத் தொறக்க விடுங்களேன்" என்பார் மனைவி வீரம்மா.

"வாயத் தொறந்தவன் எவன் தோட்டத்துல நெலச்சான்?"

நியாயமான பயந்தான். அதற்காக அதைப் பரம்பரைச் சொத்தாக்க வேண்டுமா?

மூத்த மகள் ரத்னா கெட்டிக்காரி. தோட்டப் பள்ளியில் ஐந்தாவதோடு படிப்பு முடிந்தது. டவுன் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் முதுகில் கொழுந்துக் கூடை ஏறிவிடும். கங்காணியே அவளை அழைத்துப்போனார். அங்கும் அவள் சுவரோரமாகவே நின்றாள்.

"ஏழும் எட்டும் எவ்வளவும்மா?" என்றார் தலைமையாசிரியர்.

ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். "நீங்க சொல்றதுதாங்க ஐயா."

"பதினாறா?"

"பதினாறுதாங்க ஐயா."

"பதினெட்டோ?"

"பதினெட்டுதாங்க ஐயா."

தலைமையாசிரியர் மகளை விட்டுத் தகப்பனைப் பார்த்தார். "கங்காணியாரே, நாளைக்கு நீங்க வேலைக்குப் போங்க. புள்ளய அம்மா கூட்டிக்கிட்டு வரட்டும்."

வழியெல்லாம் கங்காணி குமுறினார். "வாய்ப்பாட்டத் தலைகீழா ஒப்பிப்பியே புள்ள! இன்னிக்கி என்ன வந்துச்சு?"

"பெரியவங்க சொன்னா எதுத்துப் பேசக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"

கங்காணி தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்.

மறுநாள் வீரம்மா அழைத்துப்போனார். அதே கேள்வி. "பதினாறா?"

"இல்லீங்க ஐயா, பதினஞ்சு."

இடம் கிடைத்தது. அன்று மாலை வாசலில் வழக்கமான இருமல். சின்னவர்கள் இருவரும் சுவரைத் தேடி ஓட, ரத்னா மட்டும் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள்.

"என்னப்பா, சளி புடிச்சிருக்கா? கொத்தமல்லித் தண்ணி வைக்கவா?"

சிரிக்கிறீர்களா? நல்லது. சிரித்து முடித்ததும் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு, மலைமேல் இருக்கும் நானுஓயா ஸ்டேஷனுக்குப் பின்னால் கடல் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "போங்கப்பா, பொய் சொல்றீங்க!" என்றால் தப்பித்தீர்கள். "ஆமாங்கப்பா" என்றால், தயவுசெய்து இன்றோடு பெரட்டைக் கலைத்துவிடுங்கள்.