கொழுப்பில் ஓடிய வேன்

"இனிமே பெட்ரோல் பங்க் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!"

சொந்தமாக எரிபொருள் தயாரிக்கப்போவதாக டீசல் மெக்கானிக் சபதம் செய்வது இது நான்காவது முறை. முதல் தடவை மரத்தூளைக் கட்டி கட்டியாக அழுத்தி அடுப்பில் வைத்தார். சோறு வேகவில்லை, வீட்டிலிருந்தவர்கள் புகையில் வெந்தார்கள். அடுத்து, காய்கறித் தோலை டிரம்மில் அடைத்து வாயு தயாரித்தார். டிரம்மின் மூடி பறந்துபோய் எதிர்வீட்டு மொட்டைமாடியில் இறங்கியது. மூன்றாவது தடவை அழுகிய பழங்களை ஊறவைத்து எத்தனால். "வீட்டிலேயே தண்ணி காய்ச்சுறாருன்னு தெருவே பேசுது" என்று மனைவி பானையோடு கவிழ்த்துவிட்டாள்.

"கட்டியா பண்ணியாச்சு, காத்தா பண்ணியாச்சு. இந்தத் தடவை பொரிச்ச எண்ணெய். அதுல மெத்தனாலும் காரமும் போட்டுக் கலக்கினா டீசல்!"

"காரம்னா, மிளகாத்தூளா?"

"சோப்புக்குப் போடுற காரம்! நம்ம பழைய வேன் உயிரி எரிபொருள்ல ஓடப்போகுது, பாரு."

"இந்த வீட்டுல என் உயிரை எரிக்கிற பொருள் நீங்க ஒருத்தர்தான்னு இல்ல நெனச்சேன்?"

அதற்குமேல் அவள் மறுப்பே சொல்லவில்லை. மெக்கானிக் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். மகிழ்ந்துபோனார்.

அதற்கு முந்தின வாரம்தான் டாக்டர் அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார். கொழுப்பு எகிறியிருந்தது. "பொரிச்சதை விடுங்க. தினமும் நடங்க." வெளியே வந்த மெக்கானிக், "டாக்டரை வேணா விடுறேன்" என்று சொல்லி, வாசலிலேயே ஒரு பொட்டலம் வறுவல் வாங்கினார். கூட வந்திருந்த மனைவி, பையை மறந்துவிட்டதாகச் சொல்லி மறுபடி உள்ளே போய்விட்டு வந்தாள். அவளுடைய அப்பாவும் இதே கொழுப்போடுதான் ஒரு காலையில் பல் தேய்க்கப் போனார். திரும்பி வரவில்லை. அவளுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

சபதம் செய்த மறுநாள் அவருடைய தட்டில் பொரித்த உருளைக்கிழங்கு நாலே துண்டு.

"என்ன, எண்ணிப் போட்டிருக்க?"

"ஒரு லிட்டர் எண்ணெய் ஊத்தினேன். பொரிச்சு முடிச்சா முக்கால் லிட்டர்தான் இருக்கு."

"மீதி?"

"கிழங்கு குடிச்சிருச்சு. கிழங்கை நீங்க தின்னா, வேன் பட்டினி."

ஒவ்வொரு துண்டும் அவருக்கு ஒரு கிலோமீட்டராகத் தெரிந்தது. தட்டைத் தள்ளிவைத்தார். "அப்ப பொரிக்கவே வேணாம்!"

"பொரிக்கலேன்னா, பொரிச்ச எண்ணெய்க்கு எங்க போவீங்க?"

"ஊர்ல வேற அடுப்பே இல்லியா? வேனை எடுத்துட்டுப் போய் வீடு வீடா வாங்கிட்டு வரேன்."

"வேன்ல போனா, வாங்குற எண்ணெய் போய்வரவே சரியாப் போயிடும். நடந்து போங்க."

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலையிலிருந்து கைக்கு ஒரு கேனாகத் தூக்கிக்கொண்டு ஆறு தெரு நடந்தார். ஆறாவது தெருக்கோடியில் அவருக்குப் பிடித்த வறுவல் கடை. அந்தக் கடை எண்ணெயைத் துணியில் வடிகட்டியபோது அடியில் தார் மாதிரி கறுப்பாக என்னென்னவோ தங்கியது. இதையா இத்தனை வருஷம் சப்புக்கொட்டித் தின்றோம் என்று அன்றோடு வறுவலை விட்டார்.

கொல்லைக் கொட்டகையில் எண்ணெயைச் சூடாக்கி, கலக்கவேண்டியதைக் கலக்கி வைப்பார். "ரெண்டு நாள் தெளியட்டும். கிட்டப் போய் அசைச்சு வெக்காதீங்க" என்பாள் மனைவி. மூன்றாம் நாள் அவளே தெளிந்த கேனைக் கொண்டுவந்து கொடுப்பாள். ஊற்றினால் வேன் சிட்டாய்ப் பறந்தது. மெக்கானிக் பார்த்தவர்களையெல்லாம் பிடித்து நிறுத்திப் பெருமை பேசினார்.

மூன்று மாதத்தில் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. டாக்டர் புதுத் தாளைப் பார்த்து வியந்தார்.

"கொழுப்பு நல்லா இறங்கிடுச்சே!"

"ரத்தத்துலதான் டாக்டர்," என்றாள் மனைவி. "வாய்க்கொழுப்புக்கு ஏதாவது மாத்திரை இருந்தா எழுதிக் குடுங்க."

டாக்டர் சிரித்தார். "சார், அன்னிக்கு நீங்க வெளியே போனதும் இவங்க திரும்பி வந்து அழுதாங்க. 'சொன்னா கேக்கற ஆள் இல்ல. அவராவே செய்யறதா நெனச்சுக்கிட்டுச் செய்யணும், அதுக்கு நானாச்சு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."

நாலு துண்டுக் கிழங்கும் ஆறு தெரு நடையும் மெக்கானிக்குக்கு அப்போதுதான் புரிந்தன. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். அதற்குப் பதிலாக மனைவியின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

வேனில் ஏறியும் அவர் கிளப்பவில்லை. "கண்ணை முழிச்சுட்டு இருக்கும்போதே என்னை ஏமாத்திட்ட. ஏமாத்தலேன்னா மாமா போன வழியில நானும் போயிருப்பேன். உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலம்மா."

"நடந்தீங்களே, அது போதும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பாதி வழியில் மீசை மறுபடி மேலே ஏறியது.

"ஆனா ஒண்ணு. இந்த வேனை ஓட வெச்சது என் மூளைதான். அதுல உன் சாமர்த்தியம் ஒண்ணும் கிடையாது."

"கிடையவே கிடையாதுங்க," என்றாள் மனைவி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "நீங்க கலக்கினதை எரிபொருள் பண்ற கம்பெனிக்காரங்ககிட்டக் குடுத்துட்டு, உங்க கேன்ல பங்க் டீசலை ஊத்தி வெச்சது மட்டும்தான் நான்."