வெண்டலுக்கு வாய்த்த பிளாக்

இரும்பைப் பற்றி அறிந்தவன் இந்தியானா மாநிலத்திலேயே தான் ஒருவன்தான் என்பது வெண்டல் ஹார்ஷ்பர்கரின் தீர்மானம். அவன் வீட்டுக் கராஜில் இரண்டு கார் நிறுத்தலாம். ஒரு பக்கம், எஞ்சின் இல்லாத பழைய கூப்பே கார் ஒன்று ஏழு வருஷமாக ஸ்டாண்டுகள்மேல் தவம் கிடந்தது. மறுபக்கம் அவனுடைய பிக்கப் வண்டி. மனைவி லோரீனின் காருக்குப் பதினொரு குளிர்காலமாக வெட்டவெளிதான். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அவள் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுவாள். அவன் ஜன்னலுக்கு உள்ளே காப்பியோடு நின்று, இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுரண்டச் சொல்லிக் கைஜாடை காட்டுவான். அவ்வளவு அக்கறை.

இந்தக் கோடையில் ஐயா ஒரு சபதம் எடுத்தார். அடுத்த வசந்தத்தில் கூப்பே பந்தயப் பாதையில் கால் மைல் பறந்தே தீரும். அதற்கு ஸ்ட்ரோக்கர் எஞ்சின் கட்டப்போகிறார். அதாவது, எஞ்சினின் இரும்பு உடம்பான பழைய பிளாக் ஒன்றில் வீச்சு நீண்ட கிராங்க்கைப் பூட்டி, சிலிண்டர்களையும் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, சின்ன எஞ்சினைப் பெரிய எஞ்சினாக்குவது. பிற்காலத்து பிளாக்குகளின் சுவர் அப்பளம், கடைந்தால் அந்தப் பக்கம் தெரியும் என்பது அவன் கட்சி. அந்தக் காலத்துக் கனத்த வார்ப்புதான் வேண்டும்.

“எங்கப்பா பிளாக்தான் வாசல்லயே கிடக்கே,” என்றாள் லோரீன்.

வெண்டல் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறியது. அவள் அப்பா வாலிபத்தில் மண் பாதையில் கார்ப் பந்தயம் ஓட்டியவர். அவர் விட்டுப்போன பிளாக்குக்கு வெண்டல் கண்டுபிடித்த உபயோகம், தபால் பெட்டிக்கு அஸ்திவாரம். ஓடும் வண்டியிலிருந்து மட்டையை நீட்டித் தபால் பெட்டியை அடித்து நொறுக்குவது அந்தப் பக்கத்து விடலைகளுக்கு ஒரு விளையாட்டு. எஞ்சின் பிளாக்கில் கம்பம் நட்டால் அடிப்பவன் தோள்தான் கழலும். வருஷா வருஷம் அதற்கு வெள்ளைப் பெயிண்ட் அடிப்பதும் வெண்டல்தான்.

“உங்கப்பா ஓட்டினது காரில்ல, உழவு,” என்றான். “அது தபால் பெட்டி தாங்கத்தான் லாயக்கு. இரும்பு விஷயத்துல நீ வாயத் திறக்காத.”

அவள் தபால் எடுக்க வாசலுக்குப் போனாள்.

அவன் ஊர் ஊராகப் பழம்பொருள் சந்தைக்கு அலைந்தான். முதல் பிளாக்கைத் தட்டிப் பார்த்து, கோயில் மணி மாதிரி ஒலிக்கிறது என்று மார்தட்டிக் கொண்டுவந்தான். லேத் பட்டறை ஆர்லோ சோதித்தார். எவனோ தண்ணீரை வடிக்காமல் குளிரில் விட்டதில் உள்ளே வெடித்திருந்தது. இரண்டாவதற்கு ஒலி அலைக் கருவி வைத்துச் சுவரை அளந்தார்கள். வார்க்கும்போதே அச்சு நகர்ந்து, ஒரு பக்கம் கனம், மறு பக்கம் அப்பளம். இரண்டையும் கராஜிலேயே போட்டான். லோரீனுக்கு இடம் இன்னும் குறைந்தது.

இலையுதிர்காலக் கடைசியில், மூன்றாவது சந்தைக்கு அவன் போயிருந்த ஒரு சனிக்கிழமை, ஆர்லோ கிரேன் வண்டியோடு வந்தார். தபால் பெட்டியைக் கம்பத்தோடு பெயர்த்து, சிமெண்ட் நிரப்பிய வாளி ஒன்றில் நட்டுவிட்டு, பிளாக்கை ஏற்றிக்கொண்டு போனார். இரும்புச் சுவரின் கனத்தை விரலால் தடவியே சொல்வேன் என்னும் வெண்டல், அன்று முதல் தினமும் அந்த வாளியைத் தாண்டித்தான் போனான், வந்தான்.

மூன்று வாரம் கழித்து ஆர்லோ போன் செய்து வெண்டலைப் பட்டறைக்கு வரச் சொன்னார். பெயிண்டும் துருவும் இரசாயனத் தொட்டியில் கரைந்து, அளவாகக் கடைந்து முடித்து, பட்டறை மேஜைமேல் பளபளவென்று இருந்தது ஒரு பிளாக். வார்க்கும்போதே அதில் பதிந்த எண்ணை வெண்டல் பார்த்தான். ஏழு வருஷமாகக் கனவில் கண்ட எண். எட்டு சிலிண்டரிலும் சுவர் கோட்டை மதில். அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

“யாருது?”

“ஒரு அம்மாவுது. பேரு சொல்ல வேணாம்னுட்டாங்க. காசும் வேணாமாம்,” என்றார் ஆர்லோ. “அவங்க காருக்கு ஆயுசுக்கும் ஒரு கூரை வேணுமாம். உன் கராஜ்ல பாதி.”

லோரீனுக்குப் பதினொரு வருஷமாகத் தராத பாதி. வெண்டல் யோசித்தான். எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஆர்லோ பேனா மூடியைத் திறக்கும் நேரம். பழைய ரசீதின் பின்பக்கத்தில், ‘இந்த பிளாக்கின் சொந்தக்காரி காருக்கு என் கராஜில் ஆயுசுக்கும் பாதி இடம்’ என்று தன் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டான். எவளோ ஒரு கிழவி, எத்தனை குளிர்காலத்துக்கு வந்துவிடப் போகிறாள் என்பது அவன் கணக்கு.

வழியெல்லாம் லோரீனிடம் சொல்ல வசனம் தயாரித்தான். ஆதரவில்லாத முதியவள், நாம்தானே உதவ வேண்டும், உனக்குத்தான் இரக்க மனசாயிற்றே. வசனம் நன்றாகவே வந்தது.

வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பினால், கராஜ் கதவு திறந்திருந்தது. அவன் பிக்கப் நிற்கும் இடத்தில் லோரீனின் கார். முன்கண்ணாடியில், ஆர்லோ அதற்குள் போனில் படமெடுத்து அனுப்பிவிட்ட அந்த ரசீதின் நகல்.

“லோரீன், வண்டிய எடு. அந்த இடத்த நான் ஒரு அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“தெரியும். அந்தம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்,” என்றாள் லோரீன். “முன்பின் தெரியாதவளுக்குக் கேட்டதும் குடுத்துட்டியாமே. பொண்டாட்டிக்குத்தான் பதினொரு வருஷம் ஆச்சு.”

வெண்டலுக்கு வசனம் மறந்தது. பிக்கப்பில் ஏற்றி வந்த பிளாக்கைப் பார்த்தான். ரசீதைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பி, மூன்று வாரத்தில் முதல் முறையாக, வாசலில் இருந்த சிமெண்ட் வாளியைப் பார்த்தான்.

“அது... உங்கப்பாவோடதா?”

“உழவு ஓட்டினாரே, அவரோடதுதான்.” அவள் உள்ளே போகத் திரும்பினாள். “பிளாக்க இறக்கிட்டு உன் வண்டிய வெளிய நிறுத்திக்க. நாளைக்குப் பனி கொட்டுமாம். பனி சுரண்டுற தகட்ட உன் சீட்டுல வெச்சிடறேன். கொஞ்சம் அழுத்திச் சுரண்டினாப் போயிடும்.”