என் கணவர் எந்த வளைவிலும் விழவில்லை

ரோஷ்மோன், ஆர்டென் மலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. தீரி அவர்களுக்கு,

ஆண்டவர் அருளால் முழங்காலைத் தவிர எனக்கு மற்றதெல்லாம் சுகம். எழுத்துப் பிழைகளைத் தவிர தங்கள் வார இதழும் சுகமாகவே இருக்கிறது.

சென்ற இதழில், நம் ஊர் மலைப்பாதைக் கார்ப் பந்தயத்தின் வரைபடத்தை வெளியிட்டு, ஒவ்வொரு வளைவின் பெயரையும் குறித்திருந்தீர்கள். மத்தோ வளைவு, மத்தோ பன்றிக் கொட்டிலுக்குள் காரை விட்ட இடம். வோத்தியே வளைவு, வோத்தியே கல்லறைத் தோட்டத்துச் சுவரை இடித்த இடம். நம் ஊரில் எவர் எங்கே கவிழ்கிறாரோ அங்கே அவருக்குப் பலகை. மறைந்த என் கணவர் டெசிரே கொலிஞோன் பதினெட்டு வருடம் இதே பாதையில் ஓட்டி, ஒவ்வொரு முறையும் காரைக் கீறலில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதனால் வரைபடத்தில் அவர் இல்லை. மழை கொட்டிய வருடம் மற்ற எல்லோரும் பள்ளத்தில் கிடக்க, அவர் ஒருவர்தான் உச்சிக்கு வந்து சேர்ந்தார். இனி யாரும் வரமாட்டார்கள் என்று கொடி காட்டுபவர் காப்பிக் கடைக்குப் போய்விட்டிருந்தார். தங்கள் இதழோ, “மழையால் பந்தயம் சோபிக்கவில்லை” என்று எழுதியது.

நேற்று பந்தயச் சங்கத் தலைவர் பிரோத்தின் இறைச்சிக் கடைக்கே போய்க் கேட்டேன்.

“கொலிஞோன் அண்ணன் மேல மரியாதை இருக்கும்மா. ஆனா அவர் எங்கயுமே விழலையே, எந்த வளைவுல பலகை நடுறது?” என்றார்.

“விழுந்தாத்தான் பேராப்பா?”

“ஒரு வேலியில லேசா உரசியிருந்தாக்கூட நான் கமிட்டியில பேசிப் பார்த்திருப்பேன்.”

தொத்திறைச்சி வாங்க நின்ற மத்தோ சும்மா இருக்கவில்லை. “அவனா? பந்தயத்துக்கு வந்தானா, வீடு வீடா பால் ஊத்த வந்தானான்னே தெரியாது.”

“உங்களைப் பன்னிக் கொட்டில்லேர்ந்து கயிறு கட்டி இழுத்தது அவர் கார்தான், மறந்துட்டீங்களா?” என்றேன். மத்தோ தொத்திறைச்சியைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

நான் படித்த கன்னியர் மடத்தில், மை சிந்தாமல் எழுதியவளுக்குத்தான் பதக்கம். மையைக் கொட்டியவளின் பெயரை யாரும் மேசைக்கு வைக்கவில்லை. சுண்ணாம்புச் சூளைக்கு மேலுள்ள வளைவுக்கு இன்னும் பெயரில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்குள் அங்கே என் கணவரின் பெயர் வர வேண்டும். விழாமல் ஓட்டியதற்காக வர வேண்டும். வராவிட்டால் பாதையின் நடுவே நாற்காலி போட்டு உட்காருவேன். உட்காரமாட்டேன்னு மட்டும் நினைச்சுடாதீங்க.

தங்கள் குடும்பத்துக்கு அன்னை மரியாளின் துணை என்றும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜெர்மைன் கொலிஞோன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை வெளியிட வேண்டாம். தபாலில் போடப் போகும் வழியில் அந்த வளைவைப் பார்த்துவிடலாம் என்று என் கணவரின் காரை எடுத்தேன். கார் இப்போது சூளைக்காரர் வீட்டு முட்டைக்கோஸ் பாத்தியில் நிற்கிறது. எனக்கு மூக்குக் கண்ணாடி மட்டும் உடைந்தது. நான் காரிலிருந்து இறங்குவதற்குள் பிரோத் பலகையோடும் சுத்தியலோடும் வந்துவிட்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“யார் பேரை எழுதட்டும்மா?”

“வண்டி இன்னும் அவர் பேர்லதான் இருக்கு. எழுதுப்பா.”