ஜெர்மன்காரரும் பிரிண்டில் நாயும்

காஞ்சிபுரத்தில் ஜெர்மன்காரரிடம் திட்டு வாங்காத ஆள் இருந்தால் அவன் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். மனிதர் பிறந்தது என்னவோ பிள்ளையார்பாளையம். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஜெர்மன் மொழிபெயர்த்து ஓய்வு பெற்றவர். என் ஜெராக்ஸ் கடை மூலையில் ஒரு கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டு, வருகிறவன் போகிறவனையெல்லாம் காய்ச்சுவார். மெனு கார்டில் இட்லியை 'ரைஸ் கேக்' என்று அடிக்கச் சொன்ன ஹோட்டல்காரரை பஸ் ஸ்டாண்டு வரை துரத்தினார். எனக்கு அந்த வாடிக்கை போனது போனதுதான்.

ஒருநாள் எல்சா அழுதுகொண்டே வந்தாள். பட்டு நெசவு படிக்க வந்த ஜெர்மன் பெண். தேர்த் திருவிழா வெடிக்கு மிரண்டு ஓடிய அவளுடைய நாயை நாய் வண்டிக்காரர்கள் பிடித்துப்போய்விட்டார்கள். நாயின் அடையாளச் சீட்டோ ஜெர்மனில் இருந்தது. செல்போன் அதைக் 'கோடு போட்ட நாய்' என்று இங்கிலீஷாக்கியது. நாய்க் காப்பக அதிகாரி, "இங்க கோடு போட்ட நாயே இல்ல. நாளைக்கு எல்லாத்தையும் வெளியூருக்கு அனுப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டாராம்.

ஜெர்மன்காரர் சீட்டில் இருந்த சொல்லைப் பார்த்தார். "கெஷ்ட்ரோம்ட்! இதுக்குக் கோடா? எந்தக் கழுதை சொன்னான்?" என்று என் மேசையில் ஓங்கி அடித்தார். இங்கிலீஷில் 'பிரிண்டில்' என்று தட்டி, கையெழுத்துப் போட்டு, எங்களையும் ஆட்டோவில் ஏற்றினார்.

அதிகாரி தாளைப் படித்தார். "பிரிண்டிலா? அது இன்னா கம்பெனி சார்?"

"நாயோட ரோமம்யா!"

"இந்தப் பொண்ணு நாயக் கூப்பிட்டுப் பாக்கட்டுமே சார்" என்றேன் நான்.

"கூப்பிட்டா இங்க எல்லா நாயும்தான் வால ஆட்டிக்கினு வருது. பேப்பர்ல இருக்கிறது புரியணும்பா."

ஜெர்மன்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ், உங்க வூட்ல தறி இருக்குதா?"

"இருக்குது."

"பாவு காவிக் கலரு. சாயம் சரியா ஏறாத கறுப்பு நூல குறுக்கால ஊடையில ஓட்டினா சேலை எப்படிய்யா வரும்?"

"ஐயய்யோ! விட்டு விட்டு, கலைஞ்சு கலைஞ்சு, கறுப்பா இழுத்துக்கினு இருக்கும். எங்கப்பா அடிச்சே கொன்னுடுவாரு."

"அதான்யா பிரிண்டில்!"

"அட, அந்த மூலைல இருக்கிறதா! இத முதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்?"

நாய் வெளியே வந்து எல்சாவின் மேல் பாய்ந்தது. அவள் தேம்பித் தேம்பி அழுதாள். நாயைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதா என்று ஜெர்மன்காரர் அவளை ஜெர்மனில் வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு நாயைப் பார்த்து ஏதோ கத்தினார். அது சட்டென்று உட்கார்ந்தது. ஊரிலேயே அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது அது ஒன்றுதான். அதன் தலையைத் தடவியவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

போன மாசம் அவர் பெங்களூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். கடையில் சத்தமில்லை, சண்டையில்லை. ஹோட்டல்காரர்கூட மறுபடி வருகிறார். இந்த நிம்மதியைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.