மீனை அழிக்கப் போன வெள்ளிக்கிழமை

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. என் மகன் செல்வத்தின் கையில் இருந்த மீனை அழித்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த புதுசு. மலாக்காவே கையைத் தூக்கி "மெர்டேக்கா!" என்று கத்திக் குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குஷியில் இவன் எப்போது பச்சை குத்திக்கொண்டானோ, முழுக்கைச் சட்டைக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை காலையில் சாமி கும்பிடச் சட்டையைக் கழற்றினான். அகப்பட்டது மீன்! முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், செக்கச்செவேல் என்று!

"டேய், வெள்ளிக்கிழமை வீட்டுக்குள்ள மீன் வரலாமாடா?"

"இதை யாரும் குழம்பு வைக்கப் போறதில்லையேம்மா. உங்க கையிலயும்தான் பச்சை இருக்கு."

"என்னுது கோலம்டா! இது மீசையெல்லாம் வச்சுக்கிட்டு என்னையே முறைக்குது!"

ஞாயிற்றுக்கிழமை தெங்கேராவில் இவனுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். இரண்டு இடம் தட்டிப்போய், முருகன் காட்டிய மூன்றாவது இடம். பெண்ணின் அப்பா கோயிலே கதி என்றிருப்பவர். பச்சை குத்திய பையனெல்லாம் சண்டியன் என்பது அவர் எண்ணம்.

என் வீட்டுக்காரர், "நீயாச்சு, உன் மகனாச்சு" என்று பேப்பருக்குள் புகுந்துகொண்டார்.

குத்துவிளக்குக்குப் போடுகிற புளியைப் போட்டு அழுத்தித் தேய்த்தேன். அவன் போட்ட கூச்சல் நாங்கள் இருந்த காஜா பேராங் வட்டாரம் முழுக்கக் கேட்டிருக்கும். மீனோ குத்துவிளக்கு மாதிரியே பளபளப்பாகிவிட்டது!

சரி, குத்தியவரே அழிக்கட்டும். மகனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் முருகா முருகா என்று டவுனுக்குப் போனேன். கப்பல்காரர்களுக்குப் பச்சை குத்தும் சீன முதலாளி, தௌக்கேயின் கடை.

எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். "தௌக்கே, இதை அழிச்சுக் கொடுங்க."

"போகாதும்மா. சாகிற வரைக்கும் கூடவே வரும்."

"ஞாயிற்றுக்கிழமையே நான் செத்துடுவேன் தௌக்கே!"

அவர் எனக்கு ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொடுத்தார். "இது கோய் மீன். மத்த மீனெல்லாம் தண்ணி போற பக்கம் போகும். இது எதிர்த்து நீந்தும். அருவியிலேயே ஏறும். உச்சிக்குப் போயிட்டா பறக்கும் நாகமா மாறிடும். விடாமுயற்சிக்காரங்களுக்குத்தான் இது."

கேட்கக் கேட்க எனக்குப் புல்லரித்துவிட்டது. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. தேத்தண்ணி நன்றாக இருந்தது வேறு.

"ஆனா தௌக்கே, இவன் மீன் கீழே பார்க்குதே?"

"மேலே பார்த்தா இன்னும் போராடுதுன்னு அர்த்தம். கீழே பார்த்தா, ஏறி ஜெயிச்சு முடிச்சாச்சு."

"இவனா? எதை ஜெயிச்சான்? ஒரே வருஷத்துல மூணு வேலை மாறினவன்! முதல்ல மீனைத் திருப்பிப் போடுங்க!"

"அம்மா! இது என்ன தோசையா, திருப்பிப் போட?"

"நீ பேசாதே! ஏறாமலே இறங்கினவன்!"

அழிக்க வந்தவள், இப்போது திருப்பிப் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கிறேன்!

தௌக்கே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, கையைத் தூக்கு."

தூக்கினான். மீன் விறுவிறுவென்று மேலே ஏறியது!

வீதியில் போன ஒருவர், தூக்கிய கையைப் பார்த்துவிட்டு, "மெர்டேக்கா!" என்றார். செல்வமும் கத்தினான். தௌக்கே கத்தினார். நானும் தேத்தண்ணி கிளாஸைத் தூக்கிக் கத்தினேன். பாதி என் தலையில் கொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை, முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் போட்டு, "என்ன ஆனாலும் கையைத் தூக்காதே" என்று சத்தியம் வாங்கிக் கூட்டிப்போனேன்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. காப்பி வந்தது. பெண்ணின் அப்பா உற்சாகமாகப் பேசினார். "இனி இது நம்ம நாடும்மா! மெர்டேக்கா!" என்று கையைத் தூக்கினார்.

என் மகனும் தூக்கிவிட்டான்! பொத்தான் தெறித்தது. சட்டைக்கை சரிந்தது. கூடத்து நடுவில் மீன்!

"என்னம்மா இது?"

முருகா, எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ! அருவி, எதிர்நீச்சல், விடாமுயற்சி, பறக்கும் நாகம் என்று தௌக்கே சொன்னது, சொல்லாதது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். செல்வம் கையை இறக்கவும் தெரியாமல் அப்படியே நின்றான்.

பெண்ணின் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அப்போது திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல். "கையைக் கீழே போட்டா என்ன அர்த்தம், அத்தை?"

அத்தையாமே! எனக்குக் காதெல்லாம் இனித்தது.

"ஏறி முடிச்சாச்சுன்னு அர்த்தம்மா" என்றேன், மெதுவாக.

"அப்ப இறக்க வேணாம்னு சொல்லுங்க. இவருக்கு ஏற வேண்டியது இன்னும் நிறைய இருக்கும்போல!"

பெண்ணின் அப்பா திரைச்சீலையைப் பார்த்தார். "அத்தைன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?" என்று சிரித்துவிட்டார். வெற்றிலை பாக்குத் தட்டு வந்தது. செல்வத்தின் கை அப்போதும் மேலேதான்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. பரணிலிருந்து அண்டா இறக்கணுமா, தேங்காய் பறிக்கணுமா, கூரை ஓட்டை அடைக்கணுமா, என் மருமகள் ஒரே வார்த்தைதான் சொல்வாள்: "மீன் ஏறட்டும்!"