மாமனார் பிரிந்த நாள்

நான் என் மாமனாரைக் கொன்றவன். அதுவும் கல்யாணத்துக்கு முன்பே, பெண் கேட்கப் போன அன்றே, காலை ஏழு மணிக்கு, ஒரே வரியில். அந்த வரியில் ஓர் எழுத்துப்பிழைகூடக் கிடையாது என்பதை மட்டும் என் தரப்பில் சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. முடிச்சூரில் வீடு, கிண்டியில் வேலை, மீதி நேரமெல்லாம் இசை ஞானம். பாடத் தெரியாது, எதையும் வாசிக்கவும் தெரியாது. ஆனால் எந்த வெளிநாட்டுக் குழு எந்தத் தேதியில் உடைந்தது, எந்தப் பாடகி எந்தத் தேதியில் முதல்முதலாக மைக் முன்னால் நின்றார் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். (யாரும் கேட்டதில்லை.) தாம்பரம் பக்கத்து மெல்லிசை ரசிகர்கள் இருநூறு பேர் இருந்த வாட்ஸப் குழுவில் தினமும் 'இசையில் இன்று' என்று ஒரு பதிவு போடுவேன். நாலு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். அதில் ஒன்று ஷீலாவின் விரல்.

ஷீலா என் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். வீடு இரும்புலியூர். அவள் அப்பா அருள்ராஜ் சார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இளமையில் கல்யாணக் கச்சேரிகளில் பாடிக்கொண்டிருந்து, பள்ளி வேலை கிடைத்ததும் மேடையை விட்டவர்.

"சனிக்கிழமை உங்கப்பா அம்மாவக் கூட்டிட்டு வா. அப்பாவுக்கு உன்னப் பிடிக்கலைன்னா அவ்ளோதான், நான் மீறிக்கிட்டு வர மாட்டேன்" என்று ஷீலா கறாராகச் சொல்லிவிட்டாள். "அன்னிக்குதான் அப்பா ஆர்க்கெஸ்ட்ராவ விட்டுப் பிரிஞ்ச தேதி. வருஷா வருஷம் அன்னிக்கு மூட் அவுட்டா இருப்பார். பார்த்துப் பேசு."

பேசுவதாவது, எழுதியே அசத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். ஷீலா எப்போதோ அனுப்பியிருந்த அவருடைய பழைய படம் ஒன்று இருந்தது, கறுப்பு வெள்ளையில். அதைப் போட்டு, கீழே இப்படி எழுதினேன்: 'இசையில் இன்று: இரும்புலியூரின் தேன்குரல் அருள்ராஜ் அவர்கள் ரசிகர்களைக் கண்ணீரில் ஆழ்த்திவிட்டுப் பிரிந்தார்.' எந்த வருஷம் என்று தெரியாததால் வருஷம் போடவில்லை. எதை விட்டு என்பதுதான் எல்லோருக்கும் தெரியுமே என்று அதையும் போடவில்லை. மரியாதைக்கு மூன்று கும்பிடும் கைகளை மட்டும் சேர்த்தேன். போனைச் சைலண்டில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

பத்து மணிக்கு அப்பா, அம்மா, பழத்தட்டு சகிதம் தெருமுனையில் ஆட்டோவில் இறங்கினோம். தெருவில் நாற்பது ஐம்பது பேர்.

"டேய், யாரோ தவறிட்டாங்க போல. நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம், இன்னொரு நாள் வரலாம்டா" என்றார் அம்மா.

இன்னும் நாலடி நடந்தோம். ஷீலா வீட்டு வாசலில் ஒரு வண்டி. வண்டியில் பிரீசர் பாக்ஸ். (குழுவில் யாரோ ஒரு புண்ணியவான் ஏற்பாடு செய்திருக்கிறார்.) டிரைவர் படியேறி, லுங்கியோடு நின்றிருந்த பெரியவரிடம் கேட்டார்:

"பாடி எங்க சார் கீது?"

"இதோ நிக்குதே" என்றார் அருள்ராஜ் சார்.

போனை எடுத்துப் பார்த்தேன். நூற்று எண்பது ஆழ்ந்த இரங்கல்கள். ஷீலாவிடமிருந்து பதினொரு மிஸ்டு கால். அவள் ஜன்னலருகே நின்று என்னைப் பார்த்த பார்வையில் இரங்கல் ஏதும் இல்லை.

யாரோ நீட்டிய போனில் அருள்ராஜ் சார் என் வரியை உரக்கப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "எழுவாய் இருக்கு, பயனிலை இருக்கு. எதை விட்டுப் பிரிந்தேன்? சாகடிக்கிறவன் ஒழுங்கா ஒரு வாக்கியம் எழுத வேண்டாமா? யார் இது?"

என் அப்பா நல்லவர், பொய் சொல்ல மாட்டார். அவர் விரல் என்னைக் காட்டியது.

சார் என் பக்கம் ஓரடி வைத்தார். அதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் மாலையோடு ஓடிவந்தார். பல்லாவரம் கரீம் பாய். அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் கீபோர்டுக்காரர். கண்ணீரில் எதுவும் தெரியாமல் வந்தவர் நேராக அருள்ராஜ் சார் மேலேயே மோதி நின்றார். நிமிர்ந்து பார்த்தவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னாடா, நின்னுகினு கீற?"

"பின்ன, படுத்துக்கவா?"

கரீம் பாய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஆட்டோல வர்ற வழியெல்லாம் உன்னத் திட்டிகினே வந்தேன்டா. சொல்லிக்காம போய்ட்டானேன்னு. அன்னிக்கும் அப்டித்தானே போன? ஸ்டேஜ் போட்டு, மைக் கட்டி, நீ வருவேன்னு உக்காந்துகினு இருந்தேன். இருபத்தெட்டு வருசமாச்சு."

அருள்ராஜ் சாருக்கு இலக்கணம் எதுவும் கைகொடுக்கவில்லை. "சொல்ல தைரியம் இல்லடா கரீம்" என்றார் கடைசியில். "சொன்னா நீ விட மாட்ட. எனக்கும் போக மனசு வராது." மாலையை வாங்கி அதைக் கரீம் பாய் கழுத்திலேயே போட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

நாங்கள் பழத்தட்டோடு வாசலில் நின்றோம், பிரீசர் பாக்ஸுக்குப் பக்கத்தில். முக்கால் மணி நேரம். எல்லாம் முடிந்தது, ஷீலாவை இனி அலுவலகத்தில்கூட நிமிர்ந்து பார்க்க முடியாது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

அருள்ராஜ் சார் வெளியே வந்தார். "நான் இருந்த வரைக்கும் வராதவன வர வெச்சுட்ட. பொண்ணத் தர்றேன்" என்றார். "ஆனா கல்யாணப் பத்திரிகைல ஒரு வரி நீ எழுதக் கூடாது."

எழுதவில்லை. குழுவிலும் இன்றுவரை எனக்குக் கட்டைவிரல் காட்ட மட்டுமே அனுமதி. வீட்டில் யாராவது கடைக்குப் போய்த் திரும்ப நேரமானால், "இவரு ஏதாவது எழுதினாரா, பாருங்க" என்பாள் ஷீலா.

ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் காலை ஏழு மணிக்குக் கரீம் பாய் போன் செய்வார். "கீறியா?" என்பார். "இருக்கேன்" என்பார் மாமா. அவ்வளவுதான், வைத்துவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக மாமா ஆறு மணிக்கே குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருப்பார்.