மச்சான் அடுப்பின் மூடி

"ஞாயித்துக்கிழமை வந்துருவேன் மாப்ள. கிரில் அடுப்பு பத்திரமா இருக்குல்ல?"

மனைவியின் அண்ணன் சிவபிரகாஷ் சிங்கப்பூரிலிருந்து போனில் கேட்டபோது, முத்துக்கண்ணன் அந்தக் கரி அடுப்பின் முன்னால்தான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"பத்திரமா இருக்கு மச்சான்," என்றான்.

பொய் இல்லை. அடுப்பு இருந்தது. மூடிதான் அதன்மேல் உட்கார மறுத்தது.

மச்சான் அனுப்பியதைப் பார்சல் ஆபீசிலிருந்து பைக்கில் கட்டி வந்தபோது, வாசலில் வண்டி சாய்ந்து, கரி போடும் இரும்புச் சட்டி தெருவில் உருண்டுவிட்டது. வட்டமாக இருந்தது மாங்கொட்டை மாதிரி ஆகிவிட்டது.

மச்சான் லேசுப்பட்ட ஆளில்லை. முன்பு அவர் வாங்கிக்கொடுத்த மிக்சியில் ஒரு ஜார் உடைந்ததற்கு, "இவுக வீட்டுல எந்தப் பொருளும் தங்காது" என்று கல்யாணப் பந்தியில் நாலு பேருக்குக் கேட்கச் சொன்னவர். மனைவி அகிலா அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். அவள் முகத்தை இன்னொரு முறை அப்படிப் பார்க்க முத்துக்கண்ணனால் முடியாது. அதனால் அவளிடமும் வாய் திறக்கவில்லை.

அவன் தச்சன் வேறு. அவன் மாட்டிய கதவில் எறும்புகூட யோசித்துத்தான் நுழையும் என்று காரைக்குடியில் பெயர். அவன் வீட்டு மொட்டை மாடியிலேயே ஒரு மூடி வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

காலையில் அகிலா தையல் கடைக்குப் போனதும், மூடியைக் காலண்டர் தாளில் வைத்து அளவுக்குக் கோடு இழுத்தான். சட்டியை மட்டும் சாக்கில் சுற்றிக்கொண்டு, கார் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் காசிவிஸ்வநாதனிடம் போனான். மூடியும் போய்விட்டால், நடுவில் அகிலா வந்தால் கண்டுபிடித்துவிடுவாளே; ஸ்டாண்டின் மேல் மூடி இருந்தால் தெரியாது.

"இந்தக் கோட்டுக்குத் தக்கன தட்டிக் குடு காசி. வீட்டுல சொல்லிராத."

மதியம் கொண்டுவந்து மூடியை வைத்தான். டக்கென்று உட்கார்ந்தது. நிம்மதியாக ஒரு தட்டுச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

மறுநாள் காலையில் பார்த்தால், மறுபடி இடைவெளி. அதுவும் வேறு பக்கம்.

திரும்பவும் கோடு, சாக்கு, பட்டறை. மதியம் பொருந்தியது. அடுத்த நாள் காலை பொருந்தவில்லை.

முத்துக்கண்ணனுக்குப் பயத்தைவிட ஆச்சரியம் அதிகமாகிவிட்டது. தோசை சுட்டுக்கொண்டிருந்த அகிலாவிடம் மெல்லக் கேட்டான்.

"ஏத்தா, இரும்பு குளிருக்குச் சுருங்குமா?"

தோசைக் கரண்டி கீழே விழுந்தது.

"எதுக்குக் கேக்குறீக?"

"சும்மாதான். ஒரு கீல் விசயமா."

"சுருங்கும்போல." கரண்டியை எடுத்துக் கழுவினாள். "ஏங்க, வெயிலுக்கு விரியுமோ?"

"நீ எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான். ஒரு ஊசி விசயமா."

குளிர்தான் காரணம் என்று முடிவுகட்டி, மதியமே அடுப்புக்குப் போர்வை போர்த்தினான். காலையில் போர்வை போர்த்தியபடி இருந்தது, மூடி பொருந்தவில்லை. மறுநாள் மூடிமேல் செங்கல் வைத்தான். செங்கல் வைத்த இடத்தில் இருந்தது, மூடி பொருந்தவில்லை.

காலண்டர் தாள்களை வரிசையாகப் பரப்பினான். முதல் தாளில் மூடி கிட்டத்தட்ட வட்டம். அடுத்ததில் முட்டை. கடைசியில், யாரோ கடித்து வைத்த அதிரசம். மூடி நாளுக்கு நாள் உருவம் மாறிக்கொண்டிருந்தது!

"காசி, இரும்பு தானா வடிவம் மாறுமாடா?"

"தட்டாம எப்படிண்ணே மாறும்?" என்ற காசி, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு சுத்தியலை எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் காரில் வந்து இறங்கினார். மிளகாய் பூசிய கோழி காத்திருந்தது. மொட்டை மாடிக்குப் போய், ஆசையாக மூடியை எடுத்துச் சட்டிமேல் வைத்தார். அது ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, லொடலொடவென்று ஆடியது.

முத்துக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன மாப்ள இது?"

"பார்சல்காரன் கீழ போட்டுருப்பான்ணே!" என்று அகிலா முந்திக்கொண்டாள்.

முத்துக்கண்ணனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. விசயம் எதுவும் தெரியாமலே புருசனுக்காகப் பேசுகிறாளே!

"ஆமா மச்சான், பார்சல்காரந்தான்."

"அவன் மேல கேஸே போடுறேன்! மொதல்ல இதைத் தட்டி எடுப்போம். பக்கத்துல பட்டறை இருக்கா?"

"இல்ல," என்றார்கள் புருசனும் பெண்டாட்டியும் ஒரே குரலில்.

"வாரப்பவே பாத்தேன், திருப்பத்தூர் ரோட்டுல ஒண்ணு இருக்கு. ஏறுங்க."

முத்துக்கண்ணன் வழி முழுக்க வேறு பட்டறை ஏதாவது கண்ணில் படுமா என்று தேடிக்கொண்டே வந்தான். பக்கத்தில் அகிலாவுக்கு வியர்த்து ஊற்றியது. பாவம், அண்ணன் கோபத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

கார் காசியின் பட்டறை வாசலிலேயே நின்றது. ஒரு கையில் சட்டி, மறுகையில் மூடியோடு மச்சான் இறங்க, பின்னால் இருவரும் தலையைத் தொங்கப் போட்டபடி இறங்கினார்கள்.

மூவரையும் பார்த்த காசி, சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு மச்சானைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நீங்களாச்சும் ஒரு ஞாயம் சொல்லுங்கண்ணே! காலையில இந்த அண்ணன் வந்து மூடிக்குத் தக்கன சட்டியத் தட்டுங்கிறாக, சாயந்தரம் மதினி, காலையிலயே சட்டிய வரைஞ்சு வச்ச தாளோட வந்து சட்டிக்குத் தக்கன மூடியத் தட்டுங்கிறாக, ரெண்டு பேருமே 'வீட்டுல சொல்லிராத'ங்கிறாக. நான் யாரு பேச்சைத்தான் கேக்குறது?"